ஊர் சாப்பிடும் இடம் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயணத்தில் நல்ல உணவைத் தேடுவது குறித்து வந்த கடிதங்களில் ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

குடும்பத்தோடு அடிக்கடி காரில் வெளியூர் செல்கிறோம். ஊர் மாறினாலும் நெடுஞ்சாலை ஓட்டல்களில் ஒரே பட்டியல், ஒரே ருசி. வீடு திரும்பிய பிறகு எங்கே என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில் நிற்பதில்லை. மனத்தில் நிற்கும் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– திருப்பூர் வாசகர்

ஒரு கடை யாருக்காகச் சமைக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நெடுஞ்சாலை ஓட்டலுக்கு வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று சமையல்காரருக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் மறுபடி வரப்போவதும் இல்லை. எனவே யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்பதே அந்தச் சமையலறையின் முதல் கவலையாகிவிடுகிறது. காரமும் புளிப்பும் குறைந்து, எல்லாம் நடுவாந்தரமாக நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். மனத்தில் நிற்கும் கடையோ, நாளைக் காலையும் அதே ஆள் வந்து அதே பெஞ்சில் உட்காருவார், ருசி மாறினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்று தெரிந்து சமைக்கிற கடை. அத்தகைய கடையின் பெயரைத் தேடுவதைவிட, அந்த ஊரில் எந்த வேலை நடக்கிறது, அந்த வேலைக்காரர்களுக்கு எந்த நேரத்தில் பசிக்கிறது என்று தேடினால் வழி தானாகத் திறக்கும்.

நேரம் என்பதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை, மாலையில் திறந்து சில மணி நேரத்தில் அன்றைய அல்வா முழுவதையும் விற்றுவிட்டு மூடிவிடும் கடை. நண்பகலில் அந்த ஊரைக் கடந்து போகிறவருக்கு அப்படி ஒரு கடை இருப்பதற்கான அடையாளமே தெரியாது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் வழியில் உள்ள ஹொசகோட்டேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே பிரியாணிக்கு வரிசை நிற்கிறது. காலைச் சிற்றுண்டி நேரத்துக்குப் போனால் அண்டா காலியாக இருக்கக்கூடும். கொல்கத்தாவின் டிரெட்டி பஜாரில், பல தலைமுறைகளாக அங்கு வாழும் சீன வம்சாவளியினர் நடத்தும் காலை உணவுச் சந்தையும் அவ்வாறே, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மீன் உருண்டை சூப்பும் ஆவியில் வெந்த ‘பாவ்’ என்னும் சீன ரொட்டியும் தெருவோரத்திலேயே கிடைக்கும். மதுரையின் கறி தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். தோசை மாவின் மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி என்று கல்லிலேயே அடுக்கி வேகவைக்கும் அந்த உணவைச் சிம்மக்கல் பக்கத்துக் கடைகளில் சாப்பிட வேண்டுமென்றால், இரவை மதுரையில் கழிக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. ஊரின் கடிகாரத்துக்கு நம் பயணத்தைத் திருப்பி வைத்தால்தான் இவையெல்லாம் கிடைக்கும்.

அடுத்தது, கேட்கும் முறை. ‘இங்கே நல்ல ஓட்டல் எது?’ என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு ஏற்றது என்று அவர்கள் நினைக்கும் குளிர்சாதன ஓட்டலைத்தான் கைகாட்டுவார்கள். அது அவர்களின் மரியாதை. ‘நீங்கள் இன்று காலை எங்கே சாப்பிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பூக்கடைக்காரர், காய்கறி மண்டியில் மூட்டை இறக்குபவர், நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்பவர், பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர் ஆகியோர் தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்கள். நமக்கு ஒரு கடையைச் சொல்வதால் அவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் தயங்காமல் போகலாம்.

நீங்கள் காரில் செல்வதால் இதையும் சொல்ல வேண்டும். நான்கு வழிச்சாலைகள் வந்த பிறகு புறவழிச்சாலைகள் ஊர்களைத் தொடாமலே நம்மைக் கடத்திவிடுகின்றன. மதுரையிலிருந்து தெற்கே செல்லும்போது விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று வரிசையாக வரும் ஊர்களைப் பெயர்ப்பலகையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். விருதுநகர் எண்ணெயும் பருப்பும் மிளகாயும் மொத்த வணிகமாகும் ஊர். கல்லில் போட்டு எடுக்காமல் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கும் அதன் புரோட்டாவை, பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி ஊறவைத்து, மாலையில் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் புறவழிச்சாலையிலிருந்து இறங்கி ஊருக்குள் சிறிது தூரம் போனால் போதும். சாத்தூரில் சேவும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அதே பாதையில்தான் இருக்கின்றன.

பொள்ளாச்சியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும்படி, உணவுக்காகவே போகத் தகுந்த இடம் ஏதாவது உண்டா? எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம்.
– பொள்ளாச்சி வாசகி

ராமசேரிக்குப் போய்வாருங்கள், அம்மா. பாலக்காட்டுக்கு அருகே எலப்புள்ளிப் பகுதியில் உள்ள சிற்றூர் அது. அங்கே ஒரு சில குடும்பங்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இட்லி, நாம் வீட்டில் பார்க்கும் இட்லியைப் போல் உப்பியிருக்காது. சிறிய தோசையைப் போலத் தட்டையாக, கை வைத்தால் பஞ்சுபோல் அமுங்கும். இதைச் செய்பவர்கள் நெசவுத் தொழிலோடு தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த முதலியார் குடும்பத்தினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிச் செய்தி. நெசவு நலிந்த காலத்தில் இந்த இட்லிதான் அவர்களைக் காப்பாற்றியது என்றும் சொல்கிறார்கள்.

அதன் செய்முறையைக் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். கொதிக்கும் நீருள்ள பானையின் வாயில், நூலால் வலை பின்னிய மண் வளையம் ஒன்றை வைக்கிறார்கள். வலையின் மேல் ஈரத் துணியை விரித்து மாவை ஊற்றுகிறார்கள். அதன் மேல் இன்னொரு வளையம், இன்னொரு துணி என்று அடுக்கி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து மூடிவிடுகிறார்கள். விறகடுப்பின் ஆவி மண்ணையும் நூலையும் துணியையும் கடந்து மாவுக்கு வருகிறது. உலோகத் தட்டு எங்கும் இல்லாததால் இட்லியின் அடிப்பக்கம் கெட்டிப்படுவதில்லை. வெந்த பிறகு துணியோடு எடுத்து, தண்ணீர் தெளித்து உரித்து வைக்கிறார்கள். இட்லிப்பொடியில் தேங்காய் எண்ணெயைக் குழைத்து இதனுடன் தருவது அந்த ஊர் வழக்கம். நல்லெண்ணெய்க்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் புதிதாக இருக்கும்; ஆனால் அந்தப் பொடிக்குப் பொருத்தமான எண்ணெய் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சாம்பார் கேட்டு வாங்கி இட்லியை மூழ்கடித்துவிடாமல், முதல் இட்லியைப் பொடியோடு மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள்.

காலையிலேயே கிளம்பினால் சமையலறையில் வேலை மும்முரமாக நடக்கும்போது போய்ச் சேரலாம். அங்கே நீங்கள் பேசும் தமிழ் நன்றாகப் புரியும்.

நாகர்கோவிலிலிருந்து வேலை நிமித்தம் மாதந்தோறும் திருவனந்தபுரம் போகிறேன். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே சிவப்புச் செங்கல்லில் உருளை வடிவக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அது உணவகம் என்கிறார்கள். உள்ளே போகலாமா, விலை மிகுதியாக இருக்குமா?
– நாகர்கோவில் வாசகர்

இத்தனை மாதங்கள் அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறீர்கள்; அடுத்த முறை தயங்காமல் உள்ளே போங்கள். அது தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். விலை எளியவர்களுக்கானது, ஏனென்றால் அது தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் கடை.

இதன் வரலாறு உணவைவிடச் சுவையானது. காபி விற்பனையைப் பெருக்குவதற்காகக் காபி வாரியம் நாடெங்கும் நடத்திவந்த காபி நிலையங்களை 1950-களின் நடுவில் மூடத் தொடங்கியபோது, அங்கு வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கேரளத்தின் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டி, மூடிய கடைகளை அவர்களே எடுத்து நடத்தும்படி வழிகாட்டினார். 1957-இல் பெங்களூரில் தொடங்கிய இந்த முயற்சி 1958-இல் திருச்சூருக்கு வந்து, பிறகு கேரளமெங்கும் பரவியது. வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்து உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கிறவர், அந்த நிறுவனத்தின் பங்குதாரராகவும் இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொண்டு அங்கே உட்காருங்கள்.

கட்டடத்தை வடிவமைத்தவர், இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தையே சொந்த ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர். குறைந்த செலவில், உள்ளூர்ச் செங்கல்லைக் கொண்டு, காற்றும் வெளிச்சமும் தாமாக உள்ளே வரும்படி கட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். இந்தக் காபி ஹவுஸில் மாடி, மாடிப்படி என்ற பிரிவே கிடையாது. தரையே ஒரு சாய்தளமாகச் சுழன்று சுழன்று மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. தரை சாய்ந்திருந்தாலும் ஒவ்வொரு மேசையும் மட்டமாகவே இருக்கும். சுவரில் விட்டிருக்கும் செங்கல் இடைவெளிகள் வழியே காற்று வந்துகொண்டே இருப்பதால், தம்பானூரின் பேருந்து இரைச்சலுக்கு நடுவிலும் உள்ளே இதமாக இருக்கும். மேலே ஏற ஏறக் கூட்டம் குறையும். அவசரம் இல்லாத நாளில் இரண்டு சுற்றாவது ஏறிப்போய் உட்காருங்கள். மசாலா தோசைக்குள் பீட்ரூட் கலந்த சிவப்பு மசாலா இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்; கேரளத்துக் காபி ஹவுஸ்களின் அடையாளமே அதுதான். கட்லெட்டும் நன்றாக இருக்கும்.

கள்ளுக்கடைச் சாப்பாட்டைப் பற்றி நண்பர்கள் புகழ்ந்து பேசுகிறார்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் அங்கே போகலாமா?
– தேனி வாசகர்

கேரளத்தில் போகலாம். ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களில் பல கள்ளுக்கடைகள் இன்று முதன்மையாக உணவுக்காகவே அறியப்படுகின்றன. குடும்பத்தோடு வருபவர்களுக்குத் தனி அறைகளும் வைத்திருக்கிறார்கள். கள் வாங்கியாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மரவள்ளிக்கிழங்கும், குடம்புளி போட்ட மீன் கறியும், குட்டநாட்டு வாத்துக் கறியும் சாப்பிடத் தகுந்தவை. காரம் கடுமையாக இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கு அப்பம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பகல் உணவு நேரத்தில் போவது எல்லா வகையிலும் நல்லது.

இணையத்தில் நட்சத்திர மதிப்பீடுகளைப் பார்த்துத்தான் கடை தேர்ந்தெடுக்கிறேன். பாதி நேரம் ஏமாற்றமே மிஞ்சுகிறது. அவற்றை நம்பவே கூடாதா?
– சேலம் வாசகர்

நம்பலாம், ஆனால் நட்சத்திரங்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் படியுங்கள். அந்த ஊர் மொழியில் எழுதப்பட்ட கருத்துகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். திருச்சூர்க் கடைக்கு மலையாளத்திலும் மைசூர்க் கடைக்குக் கன்னடத்திலும் எழுதியிருக்கிறார்கள் என்றால், ஊர்க்காரர்கள் அங்கே சாப்பிடுகிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்பு வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எடுத்துப்போட்ட படங்களில் விலைப்பட்டியல் பலகையைத் தேடிப் பாருங்கள். எட்டு அல்லது பத்து உணவுகளை மட்டும் எழுதிய பலகை நல்ல அறிகுறி. வட இந்திய, தென்னிந்திய, சீன உணவுகள் என்று பல பக்கங்கள் நீளும் பட்டியல் கொண்ட கடை, உறைபெட்டியை நம்பியே நடக்க வேண்டியிருக்கும். எந்த மணிக்குக் கூட்டம் மிகுதி என்று காட்டும் வரைபடம் எனக்கு மிகவும் பயன்படுகிறது. காலை ஏழு மணிக்கே கூட்டம் உயர்ந்து, பத்து மணிக்குத் தணிந்துவிடுகிறது என்றால் அது வேலைக்குப் போகிறவர்களின் கடை.

‘கடையில் உட்கார இடமில்லை, பரிமாறுபவர் சிரிக்கவில்லை, பதினொரு மணிக்கே எல்லாம் தீர்ந்துவிட்டது’ என்று குறைகூறி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கும் கருத்துகளை நான் தேடிப் படிப்பதுண்டு. உணவைப் பற்றி ஒரு குறையும் இல்லாமல் இவ்வளவு கோபம் வந்திருக்கிறது என்றால், அந்தக் கடைக்குச் சீக்கிரமாகப் போக வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன்.

எனக்கு வயது 68, சர்க்கரை நோய் இருக்கிறது. சிறிய கடைகளில் சாப்பிட ஆசை. ஆனால் வயிற்றுக்குப் பயமாக இருக்கிறது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– சென்னை வாசகி

உங்கள் பயம் நியாயமானது. கடை சிறியதா பெரியதா என்பதைவிட, சமைத்த உணவு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதே முதன்மையானது. கண்ணெதிரே கல்லில் வெந்து நேராக இலைக்கு வரும் தோசை, பெரிய ஓட்டலின் பஃபே மேசையில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் குருமாவைவிடப் பாதுகாப்பானது. சூடாக வைக்க வேண்டிய உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் உணவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. வடித்த சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மாலை நேரத்தில் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும் கலந்த சாதங்களையும், பழைய சோற்றில் செய்யும் ஃபிரைடு ரைஸையும் தவிர்த்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னி வெயிலில் விரைவில் கெடும். நண்பகலுக்குப் பிறகு அதை முகர்ந்து பார்த்துவிட்டே தொடுங்கள்.

தண்ணீரும் பனிக்கட்டியும் அடுத்த கவலை. கொதிக்கவைத்த காபி, தேநீர் ஆகியவற்றில் அச்சமில்லை. தெருவோரப் பழச்சாற்றில் போடும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். கடைச் சுவரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ருசிக்குச் சான்று அல்ல. கடை அரசின் பதிவில் இருக்கிறது என்பதற்கான சான்று.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், வரிசையில் நின்று சாப்பிடும் கடைகளுக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடலாம். கைப்பையில் பிஸ்கட்டும், சர்க்கரை குறைந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளக் குளுக்கோஸும் இருக்கட்டும். பயண நாட்களில் மருந்தின் நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அல்வாவையும் கடலைமிட்டாயையும் பார்த்தால் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடன் வருபவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோயில் ஊர்களுக்குத்தான் அதிகம் போகிறோம். அங்கே பிரசாதம் தவிரத் தனித்துவமான உணவு உண்டா?
– கும்பகோணம் வாசகி

பிரசாதமே தனித்துவமான உணவுதான். அதை ஏன் தவிர்க்க வேண்டும்? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லி மூங்கில் கூடையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கப்படுகிறது. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்ந்த அந்த மணம் வேறெந்த இட்லியிலும் இல்லை. மதுரைக்கு அருகே அழகர்கோயிலில் தோலோடு கூடிய உளுந்தை அரைத்துச் செய்யும் தடித்த நெய் தோசை கிடைக்கிறது.

வெளிமாநிலம் என்றால் ஒடிசாவின் புரி. ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சோறும் பருப்பும் காய்கறிகளும் சமைக்கிறார்கள். நிவேதனம் முடிந்ததும் அவை கோயில் வளாகத்துக்குள்ளேயே ஆனந்த பஜார் என்னும் இடத்தில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர்கள் அங்கேயே தரையில் அமர்ந்து, சாதி வேறுபாடு பார்க்காமல் சேர்ந்து உண்கிறார்கள். ஒரு முறை பயன்படுத்திய பானையில் மறுபடி சமைப்பதில்லை. உருளைக்கிழங்கு, தக்காளி போன்று பிற்காலத்தில் வந்த காய்களுக்கு அந்த மடைப்பள்ளியில் இடமில்லை என்பதால், அவையெல்லாம் வருவதற்கு முன் நம் நாட்டுச் சமையல் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தப் பானையில் ருசித்துப் பார்க்கலாம்.

வட இந்தியாவுக்குப் போகும்போதெல்லாம் சைவச் சாப்பாட்டுக்குத் தவிக்கிறோம். பத்து நாள் பனீரும் ரொட்டியுமாகப் போகிறது.
– கோயம்புத்தூர் வாசகர்

டெல்லியில் ஒவ்வொரு மாநில அரசுக்கும் பவன் எனப்படும் விருந்தினர் மாளிகை ஒன்று இருக்கிறது. அவற்றில் சிலவற்றின் உணவகங்களில் பொதுமக்களும் சாப்பிடலாம். இந்தியா கேட் பக்கத்து ஆந்திர பவனில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பருப்புப்பொடியும் நெய்யும் புளிப்பும் காரமுமாக அளவில்லாச் சாப்பாடு வரும். மும்பையில் மாட்டுங்காவுக்குப் போய்விடுங்கள். தமிழர்களும் கன்னடர்களும் மலையாளிகளும் வேலை தேடிச் சென்று நிலைத்த பகுதி அது. வீட்டை விட்டுத் தனியே வந்த இளைஞர்களுக்குச் சோறு போடத் தொடங்கிய போர்டிங்குகளில் ஒன்றான ராம நாயக் உடுப்பி கிருஷ்ணா போர்டிங், 1942 முதல் இன்றும் வாழையிலையில் பரிமாறுகிறது.

ஆனால் ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் அமிர்தசரஸுக்குப் போங்கள் என்பேன். பொற்கோயிலின் பொது உணவுக்கூடமான லங்கர் இரவும் பகலும் நடக்கிறது. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாப்பிடுகிறார்கள். யாரிடமும் பெயரோ மதமோ பணமோ கேட்பதில்லை. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு தரையில் வரிசையாக அமர வேண்டும். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்குவது முறை. கேட்கக் கேட்கப் போடுவார்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் வெளியே போய்விடாமல், நேரம் இருந்தால் பூண்டு உரிக்கும் கூட்டத்திலோ பாத்திரம் கழுவும் வரிசையிலோ சேர்ந்துகொள்ளுங்கள். மொழி தெரியாதவர்களுக்கும் அங்கே உடனே வேலை கொடுப்பார்கள். நம் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவுகிறவர் என்ன வேலை பார்ப்பவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயல்வதில்லை. பருப்பும் ரொட்டியும் பாயசமுமான எளிய உணவுதான். நான் அறிந்த உணவுக்கூடங்களில் இதற்கு மேலானது இல்லை.

தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். நீங்கள் முன்பு எழுதிய இரவுக் கடைகளுக்கெல்லாம் என்னால் போக முடிவதில்லை. எனக்கும் ஏற்ற இடங்களைச் சொல்லுங்கள்.
– திருச்சி வாசகி

பெண்களே சமைத்துப் பெண்களே நடத்தும் உணவகங்களிலிருந்து தொடங்குங்கள். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் குழுக்கள் மாநிலமெங்கும் உணவகங்கள் நடத்துகின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்கள் மூலிகைகள் சேர்த்துச் சமைக்கும் ‘வனசுந்தரி’ கோழி, குடும்பஸ்ரீயின் உணவுத் திருவிழாக்களில் கூட்டத்தை இழுக்கும் பண்டம்.

இலங்கைக்குச் செல்வதாக இருந்தால் வட மாகாணத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களைத் தவறவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இவை இருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணும் தமக்கென ஒதுக்கிய மேடையில், நம் கண்ணெதிரிலேயே தோசையும் ரொட்டியும் வடையும் சுட்டுத் தருகிறார். விற்ற பணம் அவருக்கே. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் மிகுந்த நிலத்தில் இப்படி ஒரு வருவாய்க்கு என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் சேர்த்துக் காய்ச்சும் கூழை ருசிக்க வேண்டுமென்றால், நீங்கள் தங்கும் வீட்டாரிடம் ஒரு நாள் முன்பே சொல்லிவையுங்கள். அது பலர் கூடிக் குடிக்கும் உணவு. ஒருவருக்காகக் காய்ச்சுவது வழக்கமில்லை.

இரவுக் கடைகளை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. மதுரையில் மாலை ஏழு மணிக்கே கல் சூடேறிவிடும். குடும்பங்கள் வரும் அந்த முதல் கூட்டத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

பினாங்குக்கு மகளைப் பார்க்கப் போகிறோம். நாசி கண்டார் சாப்பிடச் சொல்கிறாள். நம்மவர்களின் உணவு என்கிறாளே, உண்மையா?
– இராமநாதபுரம் வாசகர்

உண்மைதான், ஐயா, உங்கள் மாவட்டத்துக்கும் அதில் பங்குண்டு. தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள், தோளில் சுமந்த காவடித் தண்டின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாக பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தெருத்தெருவாக விற்ற உணவு அது. தோளிலிருந்து இறங்கிக் கடையாகிவிட்ட பிறகும் முறை மாறவில்லை. கம்பெல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா உணவகம் இன்றும் இருக்கிறது.

வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கறிகளைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அது நம் ஊர்ச் சாப்பாட்டைப் போலத்தான் இருக்கும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, ஆட்டுக் குழம்பு என்று இரண்டு மூன்றைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். வெண்டைக்காயும் ஒரு துண்டு கணவாயும் வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் நீங்கள் தமிழிலேயே பேசலாம். துண்டுகளை எடுக்கும் முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய இறாலுக்கும் மீன் முட்டைக்கும் விலை கூடுதலாக இருக்கும்.